நின்ற லிஃப்டில் கேட்ட விசில்

மோட்டார் அறைக்குள் நுழைந்ததும் அந்த லிஃப்ட் மெக்கானிக் விளக்கைப் போடமாட்டார். இருட்டில் நின்று கேட்பார். பேரிங் தேயத் தொடங்கினால் மெல்லிய விசில் ஒன்று வரும். அதிர்வை அளக்கும் மீட்டர் காட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடங்களில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை. கம்பெனியில் அவருக்குப் பெயரே 'காது'.

நாற்பத்தெட்டு வயதில் அவர் ஒரு டிரம் செட் வாங்கினார். பின்னறையில் துணி மடிக்கும் மேசையை ஓரங்கட்டிவிட்டு அதை வைத்தார். பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் டிரம்ஸில் சத்தத்தைக் குறைக்கத் திருகு எதுவும் கிடையாது. முதல் அடியிலேயே போனில் ஓடிய பாட்டு காணாமல் போனது. மகள் கொடுத்த குட்டி ஸ்பீக்கர் இரண்டாவது அடிவரை தாங்கியது.

மனைவியின் தம்பி மைக்செட் வாடகைக்கு விடுபவர். அவரைக் கேட்டால் உலகில் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே தீர்வுதான். "பொட்டி பத்தல மாமா" என்றார். முதலில் முழங்கால் உயர ஸ்பீக்கர் பெட்டி வந்தது, பிறகு இடுப்பு உயரத்தில் இரண்டு. பாட்டின் சத்தம் ஏறியதும் இவர் கை தானாக ஓங்கியது. கை ஓங்கியதும் பாட்டு அமுங்கியது. திரும்பவும் சத்தத்தைக் கூட்டினார். மூன்று மாதம் இப்படியே போனது.

"உள்ள யாரு ஜெயிக்கிறாங்கன்னு சொல்லுங்க, அப்புறம் கதவைத் திறக்கிறேன்" என்றார் மனைவி.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அலுவலகக் கட்டடத்தில் பேரிங் தேய்ந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார். எட்டு மாடிக்காரர்களும் படியேறிக்கொண்டிருக்க, லிஃப்டை நிறுத்திப் பிரித்தார்கள். பேரிங் புதுசு போல இருந்தது. அடுத்த வாரம் ஒரு துணிக்கடை. அங்கேயும் அதே கதை. கொஞ்ச நாளைக்கு மீட்டரையும் வைத்துப் பார்க்கலாமே என்று சூப்பர்வைசர் பதமாகச் சொல்லிப் பார்த்தார். காதுக்கு ரோஷம் வந்துவிட்டது.

மூன்றாவது கட்டடத்தில் இருட்டில் நின்றார். அதே விசில். மெயின் சுவிட்சை அணைக்கும்படி வெளியே இருந்த சக மெக்கானிக்கிடம் சொன்னார்.

"வந்த உடனே அணைச்சிட்டேன்ணே. அது ஓடவே இல்ல."

மோட்டார் அறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விசில் அவர் காதுக்குள் இருந்தது. காது போனால் மேசை வேலை. மற்றவர்கள் கேட்டுச் சொல்வதைப் பதிவு செய்யும் வேலை.

அன்றைக்கு மனைவியிடம் மட்டும் சொன்னார். மறுநாள் அவரே கணவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனார். கண்ணாடிக் கூண்டுக்குள் ஹெட்போனோடு உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இந்தப் பக்கம் மனைவி அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அசையாத ஒவ்வொரு நொடியையும் எண்ணினார்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, டிரம்ஸ் கதையையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கேக்குது. காது அசந்து போயிருக்கு, அவ்வளவுதான். இப்படியே விட்டிருந்தா விசில் தங்கியிருக்கும்" என்றார். மூன்று வாரம் ஓய்வு கொடுக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "வேலையில சத்தம் அதிகமா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"காதை மூடிக்குவேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சுவரில் துளை போடும்போது மாட்டிக்கொள்ளும் ஆரஞ்சு நிறக் காதுமூடி வேலைப் பையிலேயே கிடந்தது. பாட்டைக் கூட்டத்தான் மூன்று மாதம் மெனக்கெட்டாரே தவிர, டிரம்ஸைக் குறைக்கலாம் என்று தோன்றவே இல்லை.

மூன்று வாரத்தில் விசில் நின்றுபோனது. அதன்பிறகு, காதுக்குள் சின்ன இயர்போன், அதன்மேல் காதுமூடி. டிரம்ஸ் பக்கத்து அறையில் அடிப்பது போல ஒதுங்கியது. பாதிக்கும் குறைவான சத்தத்திலேயே பாட்டு தெளிவாகக் கேட்டது. கூடவே, தான் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுவதும் முதல்முறையாகக் கேட்டது. மைத்துனர் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார். "பட்டாணி அளவு இருந்துக்கிட்டு என் பொட்டியைத் தூக்கிடுச்சே மாமா."

மறுவாரம் ஒரு குடியிருப்பில், மோட்டார் அறை இருட்டில் மெல்லிய விசில் கேட்டது. இதுவும் தன் காதுக்குள்தானோ என்று பயந்தார். அணைக்கச் சொன்னார்.

மோட்டார் நின்றது. விசிலும் நின்றது. மறுபடி போடச் சொன்னார், மறுபடி வந்தது. மீட்டரும் ஆமாம் என்றது.

"பேரிங் போச்சு" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

"அதுக்கு ஏண்ணே சிரிக்கிறீங்க?" என்றார் சக மெக்கானிக்.