தாய்மாமன் வளர்த்த நெல்லூர்க் கிடா

பிறந்த வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட வந்ததில்லை என்று என் தங்கை காவேரியை அவள் மாமியார் குத்திக்கொண்டே இருப்பார். தன் மகளின் காதுகுத்துக்கு அழைக்க எங்கள் மொரப்பூருக்கு வந்தபோது காவேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, தாய்மாமன் கெடா நல்லதா இருக்கணும். இந்த ஒரு தடவயாச்சும் அங்க நான் தலநிமிந்து நிக்கணும்."

"கவலப்படாத பாப்பா. ஊரே வாயப் பொளக்கும் பாரு" என்றேன். ஊர் வாயைப் பிளக்கத்தான் செய்தது, நான் நினைத்த காரணத்துக்காக இல்லை.

எங்கள் பட்டியில் இருப்பதெல்லாம் மேச்சேரி ஆடு. சிவப்பு நிறம், குட்டை உடம்பு. என் மனைவி கோகிலவாணி தினமும் ஊரோரப் பாறைக் குன்றான கரட்டுக்கு ஓட்டிப்போய் மேய்ப்பாள். எனக்கு அவை எலிகளாகத் தெரிந்தன. செல்போனில் வீடியோ பார்த்தே ஆட்டு விஞ்ஞானி ஆகியிருந்த நான், ஆந்திரப் பக்கம் போய் ஒரு நெல்லூர்க் கிடாக்குட்டி வாங்கி வந்தேன். வெள்ளை வெளேரென்று ஒட்டகக் காலோடு நின்றது. மேயவிட்டால் இளைத்துவிடுமென்று கொட்டகையிலேயே கட்டி, மக்காச்சோளமும் மூட்டைத் தீவனமுமாகக் கொட்டினேன். பக்கத்திலேயே கட்டிலும் போட்டுக்கொண்டேன். அது தின்றால் நான் பார்ப்பேன், நான் தின்றால் அது பார்க்கும். யாருக்கு முதலில் தொப்பை விழுந்தது என்று சொல்வது கஷ்டம்.

"ஏங்க, அதக் கொஞ்சம் நடக்க வுடுங்க" என்றாள் கோகிலவாணி.

"வெயிட் கெய்ன் பத்தி உனக்கு என்னாடி தெரியும்?" என்று எகிறினேன். எனக்கும் அந்த இரண்டு வார்த்தைதான் தெரியும்.

காதுகுத்து அரூர்ப் பக்கம், முனியப்பன் கோயிலில். மாலை போட்ட கிடா மேளத்தோடு கோயில்வரை நடந்து வரவேண்டும், அதுதான் தாய்மாமனுக்குக் கெத்து. பாதித் தெருவில் என் கிடா முன்னங்காலை மடித்தது, அப்படியே படுத்துவிட்டது. இழுத்தோம், தள்ளினோம், மேளக்காரர் வேகமாக அடித்தும் பார்த்தார். ம்ஹூம்! கடைசியில் மினி வேனில் தூக்கிப் போட்டோம்.

"தம்பி, நீயும் ஏறிக்க. மூச்சு வாங்குது பாரு" என்றார் காவேரியின் மாமியார்.

உரித்தபோது இன்னும் மானம் போனது. கத்தி வைத்த இடமெல்லாம் கொழுப்பு. நீள நீள எலும்பையும் கொழுப்பையும் தள்ளிவிட்டால், கறி அண்டாவின் அடியில்தான் கிடந்தது. பந்திக்கோ ஊரே திரண்டு வந்துகொண்டிருந்தது. காவேரி அண்டாவை எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அய்யோ, நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கோகிலவாணி போனை எடுத்தாள். அவள் தம்பி பிரபாகர் எங்கள் பட்டியிலிருந்து மூன்று மேச்சேரிக் கிடாக்களை வண்டியில் ஏற்றிவந்தான். சந்தைக்கென்று அவள் பார்த்துப் பார்த்து வளர்த்தவை. வண்டி நின்றதும் தாமே குதித்து இறங்கின. உரித்தால் மெல்லிய எலும்பு, சிவந்த கறி, மேலே லேசாகத்தான் கொழுப்பு. எலிகளா அவை? எனக்குத்தான் கண் பொட்டையாகியிருந்தது.

பந்தியில் மாமியார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். "பரவால்லியே காவேரி, உங்கண்ணன் வளத்த கெடா பஞ்சாட்டம் வெந்திருக்குது."

'ஆமான்னு சொல்லிடு' என்று தங்கையின் கண் கெஞ்சியது. சொல்லத்தான் வாயெடுத்தேன். எதிரே கறிவாளியோடு வேர்த்து நின்ற கோகிலவாணியும் தலையாட்டச் சொல்லிச் சாடை காட்டினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் வளத்தது அங்க கொழுப்பாக் கெடக்குதுங்க அத்தை. இது எம்பொண்டாட்டி கரட்டுல மேச்சு வளத்தது" என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். மாமியாருக்குப் புரையே ஏறிவிட்டது. இருமி முடித்து, பக்கத்து இலையைத் தட்டி, "வாளிய வெச்சுட்டு இங்க வந்து உக்காரு கண்ணு" என்று கோகிலவாணியைக் கூப்பிட்டார்.

காவேரி ஓடிவந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். "நகருங்க எல்லாம்! எங்கண்ணிக்கு நான்தான் பரிமாறுவேன்!"

அந்த வீட்டு மனிதர்கள் நடுவே அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.