சூட்டுக் கண்ணும் ஒளிக் கண்ணும்

அம்மாவின் தம்பிக்குக் கிடங்கில் பதினெட்டு வருஷமாக ஒரே வேலை: பன்னிரண்டு கேமரா திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது. இமைக்க மாட்டார். உடன் வேலை செய்பவர்கள் ‘மீன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணீர் வற்றி, கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். பார்வை தேறாவிட்டால் நாற்காலியைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

கண் மருத்துவர் இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு ஒன்றாகத் தன்னிடம் சோதித்துப் பார்க்க மாமா சம்மதித்தார். வலது கண்ணுக்கு ஒளி: விழியை மறைத்துவிட்டு, கீழே கன்னத்தில் பளிச் பளிச்சென்று அடிப்பார்கள். இடது கண்ணுக்குச் சூடு: இமையைக் கதகதப்பாக்கி, அமுக்கி, உள்ளே அடைத்துக் கிடக்கும் எண்ணெயை இளக்குவார்கள். எண்ணெய் படராவிட்டால் கண்ணீர் காய்ந்துவிடுமாம்.

இரண்டு கண்ணும் ஒன்றுபோலத் தேறி, ஒன்றுபோலவே மறுபடி வறண்டன.

“தூங்கும்போது கண்ணை மூடுறாரா?”

அத்தை சிரித்தாள். “கல்யாணமான நாள்லேர்ந்து என்னைப் பார்த்துக்கிட்டேதான் தூங்குறாரு டாக்டர். ஆசைன்னு நெனச்சேன்.”

இரண்டு இமையிலும் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார் மருத்துவர்.

ஒரு மதியம் பார்த்தேன். மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டேப் இடது இமையில் மட்டும். வலது கண் பிளந்திருக்க, விழி இடமிருந்து வலமாக நகர்ந்தது. நின்று நின்று, நான்கு இடம். பிறகு கீழே, மறுபடி நான்கு. இன்னும் கீழே, இன்னொரு நான்கு. மறுபடி முதலிலிருந்து.

எழுந்ததும் கேட்டேன்.

“ரெண்டையும் மூடிட்டா யாருடா மாப்ள பார்க்குறது?”

“எதை மாமா?”

“டாக்டர்கிட்ட சொல்லித் தொலைக்காத.”

அடுத்த சோதனையில் இடது கண் ஈரமாக மின்னியது. “சூடுதான் ஜெயிச்சிருக்கு!” என்று எழுதிக்கொண்டார் மருத்துவர். வலது விழியில் தழும்பு விழத் தொடங்கிவிட்டதாம். அதற்கும் சூடே கொடுத்துவிடலாம் என்றார். புது ஆட்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. அன்று எழுந்தது. டேப் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் எழுதியதைக் குறுக்கே அடித்தார். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டில் அத்தை இரண்டு இமையிலும் டேப் ஒட்டினாள். மாமா தடவித் தடவி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அப்போ நீ பாரு.”

“எங்க மாமா?”

சுவர் மூலையைக் காட்டினார். வெறும் சுவர்.

நான்கு வாரத்தில் வலது கண்ணும் ஈரம் கண்டது, நாற்காலி தப்பியது. ராத்திரியில் அத்தை பார்த்துக்கொள்வாள்; மதியத் தூக்கத்துக்கு மட்டும் நான் போய் உட்கார வேண்டும். வர முடியாது என்று ஒருநாள் சொன்னேன். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, படுக்காமலே இருந்தாராம்.

இப்போது தவறாமல் போகிறேன். அந்த மூலையில் ஒன்றுமில்லை. ஆனாலும், அவர் எழும்வரை வேறு பக்கம் திரும்பியதில்லை.