ரேடியோ கட்டிவிட்ட கதை

எங்க மாப்ளைக்கு அப்பா அம்மா வச்ச பேரு ஒண்ணு இருக்கு. அது அவரோட பள்ளிக்கூட சர்டிபிகேட்ல பத்திரமா தூங்குது. ஊருக்கெல்லாம் அவர் ரேடியோ. என் தங்கச்சி புருஷன்கிறதால நான் மட்டும் மரியாதையா மாப்ளைன்னு கூப்பிடுவேன். கோபம் வந்தா எனக்கும் ரேடியோதான். தூக்கத்துல கூட பேசுற ஆளு. கல்யாணமான முதல் வாரம், வீட்டுக்குள்ள யாரோ வந்துட்டாங்கன்னு பயந்து என் தங்கச்சி எழுந்து லைட்டப் போட்டாளாம்.

எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தொழில். சனிக்கிழமை காலையில பெரிய ஊர்லேருந்து பன்னெண்டு பேரை வேன்ல ஏத்திக்கிட்டு மூணு சின்ன ஊருக்குக் கூட்டிட்டுப் போவோம். முதல் ஊர்ல பழைய தபால் ஆபீஸை ஓவியக்கூடமா மாத்தி வச்சிருக்காங்க. ரெண்டாவதுல ஒரு பாட்டு மன்றம், சனிக்கிழமைதான் ஒத்திகை. மூணாவதுல கல்லுல உருவம் செதுக்குறவர் கொட்டகை. நான் வண்டி ஓட்டணும், அவர் வாய் ஓட்டணும்.

அவர் ஒண்ணும் ஓவியம் படிச்சவர் இல்ல. பிரிட்ஜ் விக்கிற கடையில பதினோரு வருஷம் நின்னவர். கடையை மூடினதும் இதுல வந்து விழுந்தார். ஆனா ஏமாத்துக்காரர்னு மட்டும் நினைச்சுடாதீங்க. பாட்டு மன்றத்துல யாராவது உசந்த சுரத்தைப் பிடிச்சா இந்த மனுஷன் கண்ணு கலங்கிடும். லீவு நாள்ல தனியா பஸ் ஏறிப் போய் ஓவியக்கூடத்துல உக்காந்துட்டு வருவார். தங்கச்சி சந்தேகப்பட்டு ஒருநாள் பின்னாலயே போனா. அங்க இவர் ஒரு பூசணிக்காய் படத்து முன்னாடி உக்காந்திருக்கார்!

அவருக்கு ஒரு கணக்கு உண்டு. "மச்சான், ஒரு படத்து முன்னாடி ஜனங்க எவ்வளவு நேரம் நிக்கிறாங்க தெரியுமா? எட்டு செகண்ட். வாட்ச் வச்சுப் பார்த்திருக்கேன். பாவம், வரைஞ்சவன் மாசக் கணக்கா வரைஞ்சிருப்பான். அதுவே ஒரு கதை சொல்லுங்க, நாலு நிமிஷம் அசைய மாட்டாங்க."

அப்படித்தான் ஆரம்பிச்சது வினை.

அந்தக் கூடத்துல மூணாவது அறையில ஒரு படம். ஜன்னல் ஓரமா ஒரு பொம்பளை நாற்காலியில உக்காந்து வெளியில பார்த்துட்டு இருப்பா. ஒரு கால்ல செருப்பு இருக்கும், இன்னொரு கால் வெறுங்கால். வரைஞ்சவர் எப்பவோ போய்ச் சேர்ந்துட்டார். கீழ பலகையில 'ஜன்னலோரம்'னு மட்டும் எழுதியிருக்கு, வேற ஒரு தகவலும் கிடையாது. ஒரு மழைநாள், வந்த கூட்டம் கொட்டாவி விட்டுட்டு நின்னுச்சு. யாரோ ஒருத்தர், "யாருங்க இந்தம்மா?"ன்னு கேட்டார். தெரியாதுன்னு சொன்னா நம்ம ரேடியோ ரேடியோவா? "யாருக்காகவோ காத்திருக்காங்க"ன்னு விட்டார். கொட்டாவி நின்னுடுச்சு.

அடுத்த வாரம் காத்திருந்தது அந்த ஓவியருக்காகன்னு ஆச்சு. அதுக்கடுத்த வாரம், அவரோட ஓடிப்போகத்தான் ஒரு செருப்பு மாட்டினபடி ரெடியா இருக்கான்னு ஆச்சு. திரும்பி வரும்போது நான்தான் சொன்னேன்: "மாப்ள, வீட்ல ஒரு அஞ்சு வயசுப் பொண்ணை விட்டுட்டு வந்துட்டான்னு சேர்த்துக்குங்க. அத்தனை பேரும் அழுதுடுவாங்க." ஆமா, நான்தான் சொன்னேன். சொல்லிட்டு ரெண்டு பேரும் வேன்ல விழுந்து விழுந்து சிரிச்சோம். இப்ப நினைச்சா என் வாயில நானே போட்டுக்கணும் போல இருக்கு.

நாலு வருஷம் அந்தக் கதை ஓடுச்சு. டிக்கெட் குடுக்கிற அக்கா அதை அப்படியே நம்பி, வர்றவங்களுக்குக் குடுக்கிற நோட்டீஸ்லயும் அச்சடிச்சுட்டாங்க. அச்சுல ஏறினதும் எங்களுக்கே அது நிஜம் மாதிரி ஆயிடுச்சு.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. அறுபது வயசுக்கு மேல இருக்கும், ஒரு அம்மா தனியா வந்தாங்க. பின்னாடி உக்காந்தா தலை சுத்தும்னு எனக்குப் பக்கத்துல முன் சீட்ல ஏறிக்கிட்டாங்க. ரேடியோ வழக்கம்போல கடைசி சீட்ல மைக்கோட. ஓவியக்கூடம் வர பத்து நிமிஷம் இருக்கும், அந்தம்மா தானாவே பேச்செடுத்தாங்க.

"தம்பி, அங்க ஜன்னல் ஓரமா ஒரு பொம்பளை உக்காந்திருக்கிற படம் இருக்காமே? அது எங்கம்மா."

எனக்கு ஸ்டியரிங் வழுக்கிடுச்சு.

"எதிர்வீட்டு மாடியில ஒருத்தர் குடியிருந்தார், மூணு நாள் மத்தியானம் உக்கார வச்சு வரைஞ்சார்னு அம்மா சொல்லுவா. அது எங்க போச்சுன்னு தெரியாது. இப்பதான் சொந்தக்காரங்க பார்த்துட்டு வந்து சொன்னாங்க. எங்கிட்ட அம்மாவோட ஒரு போட்டோ கூட உருப்படியா இல்ல. போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. வரையும்போது எனக்கு அஞ்சு வயசு."

அஞ்சு வயசு! "அம்மா, உள்ள ஒரு கதை சொல்லுவாங்க, நம்பாதீங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரலை. மாப்ளையைத் தனியா கூப்பிட்டு அடக்கிடலாம்னு கணக்குப் போட்டேன். போய் நின்னா, வாசல்ல ஒரு லாரி குறுக்க நிக்குது. எல்லாரும் இறங்கிப் போயிட்டாங்க, நான் வண்டியை விட இடம் தேடிச் சுத்துறேன். போன் அடிச்சா அணைச்சு வச்சிருக்கார். அந்த மனுஷன்கிட்ட இருக்கிற ஒரே நல்ல பழக்கம், வேலை நேரத்துல போனை அணைக்கிறது. அன்னைக்குன்னு பார்த்து!

மூச்சு வாங்க ஓடிப்போனேன். மூணாவது அறை நிசப்தமா இருக்கு. ரேடியோ உச்சத்துல நிக்கிறார். "வீட்ல அஞ்சு வயசுப் பொண்ணு அம்மா அம்மான்னு அழுதுட்டு இருக்கு. இவ காதுல விழல. இவ கண்ணெல்லாம் அந்தத் தெருமுனையில இருக்கு." ஒருத்தர் மூக்கை உறிஞ்சுறார்.

முன் சீட் அம்மா படத்துக்கு ரொம்பப் பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்க. திரும்பினாங்க. சத்தமே போடல.

"தம்பி, அந்தப் பொண்ணு நான்தான்."

ரேடியோ சிரிச்சார். விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சிருக்கார். என் மூஞ்சியைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே காஞ்சு போச்சு.

"ஜன்னலுக்கு வெளியில ஒரு மதில் உண்டு," அந்தம்மா சொன்னாங்க. "நான் அது மேல ஏறி நடப்பேன். விழுந்து தொலைச்சுடுவேன்னு அம்மா ஜன்னலை விட்டு நகர மாட்டா. இன்னொரு செருப்பு எங்கன்னு தெரியுமா? அது அவ கையில இருக்கு. இதோ பாருங்க, கை கீழ மறைஞ்சிருக்கில்ல? நான் மதில்ல ஏறினா எறியறதுக்கு."

மொத்தக் கூட்டமும் சிரிச்சிடுச்சு. அவங்களும் சிரிச்சாங்க, சிரிக்கும்போதே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ரேடியோ சிரிக்கல. எல்லார் முன்னாடியும் கையெடுத்துக் கும்பிட்டார். "கட்டிவிட்டதும்மா. ஒரு வார்த்தை நிஜம் இல்ல. எல்லாம் நான் கட்டிவிட்டது. என்னை மன்னிச்சிடுங்க." அந்த நிமிஷம் அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. குழந்தைக் கதை என்னோடதுன்னு அப்பவாவது நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல.

"சரி விடுங்க, இனிமே சரியா சொல்லுங்க"ன்னுட்டாங்க அந்தம்மா. பெரிய மனசு.

திரும்பி வரும்போது அவங்க மடியில அந்த நோட்டீஸ் இருந்துச்சு. நாலா மடிச்சு, பிரிச்சு, திரும்ப மடிச்சு வச்சுட்டே வந்தாங்க. "எத்தனை நாளா தம்பி இதைச் சொல்லிட்டு இருக்கார்?"ன்னு கேட்டாங்க. "கொஞ்ச நாளாத்தான்மா"ன்னேன்.

மறுநாளே ரேடியோ போய், மிச்சமிருந்த நோட்டீஸ் கட்டை எடுத்துட்டு வந்து கிழிச்சுப் போட்டார். அடுத்த சனிக்கிழமையிலேருந்து மதிலையும் செருப்பையும் சொல்ல ஆரம்பிச்சார். ஜனங்க சிரிச்சுட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துடுவாங்க. முன்னாடி வந்துட்டுப் போன சிலர், "நீங்க அப்ப வேற கதை சொன்னீங்களே, அதுதான் நல்லா இருந்துச்சு"ன்னு குறைப்பட்டுக்கிட்டாங்க. வீட்ல வந்து பொருமுவார். என் தங்கச்சி, "சிந்தின பாலை அள்ள முடியுமா? பேசாம சாப்பிடுங்க"ன்னு தட்டை நகர்த்துவா. போகப்போக எல்லாம் சரியாயிடும்னுதான் நாங்க நினைச்சோம்.

மூணு மாசம் கழிச்சு ஒரு மத்தியானம், ரெண்டு பேரும் வேனைக் கழுவிட்டு இருந்தோம். ரேடியோவுக்குப் போன் வந்துச்சு. கை ஈரமா இருந்ததால ஸ்பீக்கர்ல போட்டார். அந்தம்மாதான்.

"தம்பி, ஒண்ணு கேட்கணும், தப்பா நினைக்காதீங்க. அந்தக் கதையை உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலம்மா. நானா கட்டினது. அன்னைக்கே சொன்னேனே."

"இல்ல தம்பி. எனக்கு அஞ்சு வயசுல அம்மா நாலு மாசம் வீட்ல இல்ல. ஆஸ்பத்திரியில இருக்கான்னு சித்தி சொன்னா. இத்தனை வருஷம் அதை நான் யோசிச்சதே கிடையாது. இப்ப தூக்கம் வர மாட்டேங்குது. யாரைக் கேட்கிறது? அப்பா இல்ல, சித்தி இல்ல. நீங்க ஊர் ஊரா போறவர். யாராவது விஷயம் தெரிஞ்சவங்க உங்க காதுல போட்டிருப்பாங்க."

ரேடியோ குழாயைக் கீழ போட்டுட்டார். "என் பிள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன்மா, எனக்கு எதுவும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

நான் போனைப் பிடுங்கினேன். "அம்மா, நான் வேன் ஓட்டுறவன் பேசுறேன். பொண்ணை விட்டுட்டு வந்தான்னு சொல்லச் சொன்னதே நான்தான்மா. எல்லாரும் அழணும்னு விளையாட்டுக்குச் சொன்னேன்."



"விளையாட்டுக்குச் சொன்னா, சரியா அஞ்சு வயசுன்னு எப்படி தம்பி வரும்? பொண்ணுன்னு எப்படி வரும்?"

"என் பொண்ணுக்கு அப்ப அஞ்சு வயசும்மா. அதான் வாயில வந்துடுச்சு. நம்புங்கம்மா, கால்ல வேணாலும் விழறேன்."

"நீங்க ரெண்டு பேருமே நல்லவங்க," அந்தம்மா குரல் ரொம்ப சாந்தமா இருந்துச்சு. "எனக்கு வலிக்கும்னு மறைக்கிறீங்க. புரியுது. அவ என்னைத்தான் பார்த்துட்டு இருந்தான்னு இவ்வளவு நாளா நினைச்சுட்டு இருந்தேன். சரி தம்பி, வச்சிடறேன்."