நாற்பத்திரண்டாம் நம்பர் கதவு

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஓவர்சியராக இருந்தேன். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையிலிருந்த குடிசைகளை அதே இடத்தில் செங்கல் வீடுகளாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மக்கள் பங்கேற்புடன் செய்யவேண்டும் என்று சர்க்குலர். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் அசிஸ்டென்ட் இன்ஜினியரிடம், அதாவது ஏ.இ.யிடம் கேட்டேன்.

"அவங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, நாம முடிவு பண்ணதைச் சொல்லணும்யா" என்றார்.

முதல் வேலை நம்பர் போடுவது. கதவில் சிவப்பு எனாமல் பெயின்டால் எழுதவேண்டும். எந்தக் கதவில் நம்பர் இருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்கு வீடு. நாற்பத்தொரு கதவுகளில் எழுதிவிட்டேன். கடைசிக் குடிசையில் கதவே இல்லை, சாக்குப் படுதாதான் தொங்கியது. புருஷனை இழந்த சகாயமேரி, வயதுக்கு வந்த இரண்டு மகள்களோடு அங்கே இருந்தார். மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை.

"சாக்குலயே எழுதுங்க சார்" என்றார்.

ஏ.இ. ஒப்புக்கொள்ளவில்லை. "கதவுன்னுதான் போட்டிருக்கு. சாக்கு எப்படிக் கதவாகும்? ஆடிட்டுக்கு யார் பதில் சொல்றது?"

"அப்ப நாங்க மூணு பேரும் கணக்குல இல்லீங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் டப்பாவை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்து பார்த்து லிஸ்டில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டுவிட்டால் அப்புறம் ஒரு பெயரையும் சேர்க்க முடியாது. அவர் வருகிற அன்று பார்த்து ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் கரையேறிவிட்டது. அழிந்த நம்பரைத் திருத்தலாம் என்று பெயின்ட் டப்பாவோடு ஓடினேன். குடிசைகளில் முழங்கால் தண்ணீர். ஜனங்கள் பதறவில்லை. வெள்ளம் வந்தால் அவர்கள் முதலில் கழற்றுவது கதவைத்தான். கீற்று போனால் வேறு கீற்று வேயலாம், கதவு போனால் போனதுதான். இன்ஸ்பெக்ஷன் என்று தெரிந்திருந்ததால் நாற்பத்தொரு கதவையும் ரோட்டோர மதிலில் நம்பர் மாறாமல் சாய்த்து, பின்னாலிருந்த இடைவெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஜீப் வந்தது. அதிகாரி தண்ணீரைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். "இங்கேயே பாத்துடலாம்" என்றார்.

முதல் கதவைத் தட்டினார். பின்னாலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"உள்ளே எத்தனை பேர்?"

"அஞ்சு பேருங்க."

டிக் போட்டுவிட்டு அடுத்ததைத் தட்டினார். மதிலில் சாய்ந்திருக்கிற கதவை எதற்குத் தட்டவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஏழாம் நம்பர்காரர் "உள்ள வாங்க சார்" என்றே சொல்லிவிட்டார். அதிகாரியும் "இருக்கட்டும், நேரமில்லை" என்றார்.

வரிசைக் கடைசியில் சகாயமேரி, சாக்கை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றார். பின்னால் மகள்கள். அதிகாரி தட்டப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"கதவு எங்கேம்மா?"

பதினேழாம் நம்பர் ராஜமாணிக்கத்துடையது இரட்டைக் கதவு. இடித்த வீடொன்றிலிருந்து வந்த தேக்கு. அதைப் பற்றி அவர் அடிக்கிற பெருமை சொல்லி மாளாது. அவர் எழுந்து, நம்பர் எழுதாத பாதியைத் தூக்கிவந்து சகாயமேரியின் முன்னால் நிறுத்தினார்.

"இதாங்க அவங்க கதவு. தூக்க ஆளில்லைன்னு நான் கொண்டாந்தேன்."

ஏ.இ. வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு தூறலிலேயே 42 என்று எழுதினேன். பெயின்ட் வழிந்தது. அதிகாரி தட்டினார்.

"உள்ளே எத்தனை பேர்?"

"மூணு பேருங்க."

டிக். "இங்கே மக்கள் பங்கேற்பு நல்லா இருக்கு" என்று ஏ.இ.யிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வீடுகள் முடிய ஒன்றரை வருஷம் ஆயிற்று. போட்டோ எடுக்க அதே அதிகாரி வந்தார். நாற்பத்திரண்டாம் வீட்டில் புதுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினார். பதில் இல்லை. திரும்பவும் தட்டினார்.

"யாருங்க?" உள்ளேயிருந்து சகாயமேரியின் குரல்.

"மெட்ராஸ் ஆபீசர் வந்திருக்காரும்மா. ஒரு போட்டோ எடுக்கணும்" என்றேன்.

"பொண்ணு துணி மாத்துது. நில்லுங்க."

அதிகாரி, ஏ.இ., போட்டோகிராபர், நான், நான்கு பேரும் வெயிலில் நின்றோம். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். இரண்டு வருஷம் கதவை நம்பர் எழுதுகிற பலகையாகவே பார்த்தேன். அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு என்பது அன்றுதான் உறைத்தது. கால்மணி நேரம் ஆயிற்று. யாரும் மறுபடி தட்டவில்லை.