வெல்டராக வந்த பந்துவீச்சாளன்

அமீரகத்தில், புஜைரா துறைமுக சைட்டில் எங்கள் கேம்ப் கிரிக்கெட் அணிக்கு விக்கெட் கீப்பர் இல்லை, வேகப்பந்து வீசவும் ஆளில்லை. கோடை தணிந்தால் ஆட்டங்கள் தொடங்கிவிடும். ஆபீஸ் டைப்பிஸ்டான நான், ஊரில் பந்துவீச்சில் பேர்போன ஒருவனை வெல்டர் என்று சிபாரிசு செய்து வரவழைத்தேன். வந்து இறங்கிய பிறகுதான், "தம்பி, வெல்டிங் தெரியும்ல?" என்று கேட்டேன்.

"பாத்துக்கலாம்ணே" என்றான் பாவி. மாட்டினால் இரண்டு பேருமே ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஃபோர்மன் அவனுக்கு டெஸ்ட் வைத்த காலையில், ஒரே கடிதத்தை நான்கு முறை தப்பாக அடித்தேன். மத்தியானம் ஃபோர்மன் நேராக என் மேஜைக்கு வந்தார். எழுந்து நின்றேன்.

"பஹுத் அச்சா வெல்டர், பாய்!" என்று மெச்சியவர், இனி எல்லா வெள்ளிக்கிழமையும் அவனுக்கு டூட்டி போடச் சொன்னார்.

எங்கள் ஆட்டங்கள் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில்தான். அந்த ஆர்டரை மட்டும் ஒரு தப்பும் இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.