எட்டடிக்கு ஒரு சந்து

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: மஞ்சக்கோடு. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். கேன்டீனில் முதுகுக்குப் பின்னால் சொல்வது காதில் விழும். மெஷின்களுக்கு நடுவே ஆள் நடப்பதற்காக விட்டிருக்கும் வழியின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் பெயின்டில் கோடு போட்டிருப்போம். அந்தக் கோட்டுக்குள் யாராவது ஒரு டிரேயை வைத்துவிட்டால் எனக்கு ஆகாது. வழி வழியாக இருக்க வேண்டும் என்று ஷிஃப்ட் முழுக்கக் கத்துவேன். இருபத்தாறு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் நெல் வயல். வீட்டுக்கு வருஷச் சோறு அதில்தான் வருகிறது. பயிர் பார்ப்பது முழுக்க என் மனைவி. நான் ஞாயிற்றுக்கிழமை போய் வரப்பில் நின்று யோசனை சொல்கிற ஆள். போன வருஷம் எனக்குக் கம்பெனி அலுத்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து பயிர் செய்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"ஒரு நடவ தனியா பாருங்க. வெள்ளாம வீடு வந்து சேரட்டும். அப்புறம் பேசலாம்" என்றாள்.

அந்த நடவு சமயத்தில் ராயக்கோட்டையில் அவள் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. இரண்டு நாள் போய்விட்டு வருவதாகக் கிளம்பினாள். பஸ் ஏறும்போதும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "எட்டடிக்கு ஒருக்கா ஒரு அடி சந்து விடச் சொல்லுங்க. கெழக்கு மேக்கா. மறந்துடாதீங்க."

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னிப்பு உண்டு. நடவுக்கு வந்த பெண்களின் மேஸ்திரியம்மா கயிறு பிடித்துக்கொண்டு, "சந்து விடணுமா சார்?" என்று கேட்டார். நான் வயலைப் பார்த்தேன். அத்தனை சந்தையும் சேர்த்தால் ஒரு சின்ன பாத்தி அளவுக்கு இடம். வரப்பில் நாற்றுக் கட்டு வேறு மிச்சம் கிடந்தது.

"எடம் சும்மா கெடக்கணுமா? அதுலயும் நட்டுடுங்க" என்றேன்.

அவர் மற்றவர்களிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெலுங்கு புரியும். கம்பெனிக்காரர் கணக்கு என்று சொன்னார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து வந்த மனைவி வரப்பில் நின்று பார்த்தாள். "சந்து எங்கங்க?" என்றாள். வீணாகப் போகிறதே என்று நட்டுவிட்டதாகச் சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தச் சரியை எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியும்.

பயிர் என்னவோ பிரமாதமாக வந்தது. நடுவில் கை நுழையாத அளவுக்கு அடர்த்தி. போனில் படம் எடுத்துக் கேன்டீனில் எல்லோருக்கும் காட்டினேன். நட்டு இரண்டு மாதம் ஆகும்போது ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. "புகையான் விழுந்திருக்கு" என்றாள்.

புகையான் என்பது நெல்லின் அடித்தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி. விட்டால் பயிர் வட்டவட்டமாகக் காய்ந்து, தீப்பிடித்த மாதிரி ஆகிவிடும். லீவு சொல்லிவிட்டு, வருகிற வழியில் மருந்துக்கடையில் இருப்பதிலேயே காட்டமான மருந்தாக ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் டப்பாவைக் கையில் வாங்கவில்லை. என்னை வயலுக்குள் கூட்டிப்போய் ஒரு குத்துப் பயிரை விலக்கிக் காட்டினாள். தண்ணீருக்குச் சற்று மேலே, தூரைச் சுற்றி, எள்ளைத் தூவியது போலப் பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தன. குத்தைத் தட்டினாள், பொலபொலவென்று தண்ணீரில் உதிர்ந்தன.

"இவ்ளோ அடப்புல மேல அடிச்சா கீழ எறங்குமா? மேல இருக்கற சிலந்திதான் சாவும். அதுங்கதான் இதத் தின்னுது" என்றாள். பிறகு நிதானமாகக் கேட்டாள். "கம்பெனியில மஞ்சக் கோட்டுக்குள்ள ஒருத்தன் டப்பா வெச்சா என்னா பண்ணுவீங்க?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காற்றும் வெயிலும் தூருக்குப் போகிற வழியை அடைத்து நட்டவன் நான். ஊருக்கு உபதேசம் செய்து சம்பளம் வாங்குகிறவனுக்குத் தன் வயலில் அது தோன்றவில்லை.

முதலில் மடையைத் திறந்து தண்ணீரை வடித்தோம். அப்புறம் எட்டடிக்கு ஒரு முறை, சந்து விட்டிருக்க வேண்டிய இடத்தில் நின்ற வரிசைகளை நானே பிடுங்கினேன். இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்த பயிரை அவள் மூங்கில் கழியால் ஒதுக்கிக்கொண்டே வந்தாள். மூன்று நாள் குனிந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. நான் மிச்சம் பிடித்ததெல்லாம் மாட்டுக்குப் போனது, மாடு நன்றாகவே சாப்பிட்டது. சந்து திறந்த பிறகு வேப்பெண்ணெய் கலந்து, ஸ்பிரேயர் நாசிலைக் கீழே பிடித்துத் தூரிலேயே படும்படி அடித்தோம். பிரிக்காத மருந்து டப்பாவைக் கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு லீவு நாளிலெல்லாம் போய்க் குத்துகளைத் தட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் உதிர்வது குறைந்தது. மேற்கு மூலையில் மட்டும் ஒரு மினி பஸ் நிறுத்துகிற அளவுக்கு இடம் காய்ந்துவிட்டது. அறுப்பின்போது அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி அரிவாளை என்னிடம் கொடுத்தாள். அறுத்தேன், வெறும் வைக்கோல். மற்றதெல்லாம் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தது. புது அரிசிச் சோற்றைச் சாப்பிட்டபோது மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனால் வேலையை விடும் பேச்சை நான் எடுக்கவில்லை. எந்த முகத்தோடு எடுப்பது?

அடுத்த நடவுக்கு நாள் குறித்தபோது அன்றைக்கே சாமல்பட்டியில் ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டும் என்றாள். நடவைத் தள்ளி வைக்கலாமே என்றேன். "எதுக்கு? நீங்க இருக்கீங்க இல்ல" என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சந்து பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முழுக்கப் போனும் செய்யவில்லை.

கம்பெனியில் மிஞ்சிய பெயின்டைக் கேட்டு வாங்கி, குச்சிகளுக்கு அடித்து, இரண்டு வரப்பிலும் எட்டடிக்கு ஒரு ஜோடியாக நட்டு வைத்திருந்தேன். மேஸ்திரியம்மா மஞ்சள் குச்சிகளைப் பார்த்துவிட்டு இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தார். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் வந்தவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வயலில் இறங்கினாள். ஒரு சந்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து போனாள். புடவை ஒரு நாற்றில்கூடப் படவில்லை. திரும்பி வந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"கம்பெனியில எப்ப எழுதிக் குடுக்கப் போறீங்க?"

திங்கட்கிழமை என்றேன்.