எழுபது போதும்

"எவ்ளோடி?"

மொட்டை மாடியில் புறப்படும் இந்தக் குரல் படிக்கட்டுச் சுவர்களில் மோதி மோதித் தரைத்தளம் வந்து சேரும். கீழே டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர், திரையில் சிக்னல் அளவைக் காட்டும் பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் தெரியும் எண்ணைத் திருப்பிக் கத்த வேண்டும். "அறுவத்திரெண்டு!" மேலே வசந்தகுமாரி ஆன்ட்டி, ஆபீஸ் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, டிஷ்ஷின் விளிம்பை இரண்டு விரலால் நகர்த்துவார். ஸ்பானர் பல்லிடுக்கில் இருக்கும். அதனால் பேச்சு தடைப்படும் என்று நினைக்க வேண்டாம். "இப்போ? இப்போ? ஏய், உயிரோட இருக்கியா இல்லியா?"

"எழுவது!"

"போதும். நக்கோ, வேணாம், இனிமே தொடாதே. எழுவதுக்கு மேல போச்சுன்னா பாக்ஸு சூடாயிடும்."

நட்டை முறுக்கிவிட்டு, கைப்பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, கம்பமும் கிளாம்ப்பும் சேரும் இடத்தில் ஒரு கோடு இழுப்பார். காற்றில் டிஷ் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நெயில் பாலிஷை அவர் விரலில் நான் பார்த்ததே இல்லை.

ஐம்பதை நெருங்கும் வயது. ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், ஹைதராபாத் வந்து இருபத்தாறு வருடம். பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில், மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சீட்டு ஒட்டுகிற வேலை. அதனால் மனிதர் வார்த்தையை நம்பமாட்டார், முள் சொன்னால்தான் நம்புவார். காய்ச்சல் என்றால் "எவ்ளோ?" என்பார். தோசை பிரமாதம் என்றாலும் "பத்துக்கு எவ்ளோ?" கணவர் ராமசுவாமிக்கு விசாகப்பட்டினத்தில் உத்தியோகம். மாதம் ஒருமுறை ரயிலில் வருவார், துணி துவைத்துக் காயப்போடுவார், காய்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மற்றபடி மூன்றாம் மாடியில் ஆன்ட்டியும் டிவியும்தான்.

உப்பலில் எங்கள் கட்டடத்தில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள். கேபிளில் வரிசையாகத் தெலுங்குச் சேனல்கள். நடுவில் ஒரே ஒரு தமிழ்ச் சேனல், அதிலும் எந்நேரமும் பனி கொட்டும். மாதச் சந்தா இல்லாத அரசாங்க டிஷ் ஒன்று இருக்கிறது, பொதிகை துடைத்து வைத்த மாதிரி வருகிறது என்று கண்டுபிடித்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் டிஷ்ஷை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் ஆன்ட்டி. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயந்திரப் பாட்டு நிகழ்ச்சிக்கு எட்டுக் குடும்பமும் மூன்றாம் மாடியில் ஆஜர். ஏழு மணிக்கே பாய் விரித்து, வேர்க்கடலை அவித்து, கதவை அகலத் திறந்து வைத்திருப்பார்.

அதற்கு முன்பு வெள்ளிக்கிழமைக் கூட்டம் எங்கள் வீட்டில். கட்டடத்தில் இருக்கிறவர்கள் குரலில் எல்லாம் நான் பேசிக் காட்டுவேன். அவரவர் குரலைத் தவிர மற்றதற்கெல்லாம் சிரிப்பார்கள். டிஷ் வந்த வாரம் என் எதிரில் நான்கு காலி நாற்காலியும் அப்பாவும் மட்டும். பத்து நிமிடத்தில் அப்பாவும் எழுந்து மேலே போய்விட்டார்.

அம்மாவைக் கேட்கவே வேண்டாம். "என்ன தெளிவு பாத்தியா மக்களே! பாடுக பிள்ளைக்க மூக்குத்தி வரைக்கும் தெரியுகு. வசந்தாக்கா கை பட்டா அது வேற தான்." என் சம்பளக் கடிதத்தைக்கூட அம்மா இந்த முகத்தோடு பார்த்ததில்லை.

பிறகு ஒவ்வொருவராக டிஷ் வாங்கினோம். அப்பா தேவசகாயம் நாகர்கோவில்காரர். டிஷ்ஷை நேர் தெற்கே திருப்பி வைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தார். "நம்ம ஊரு அங்கன தானே இருக்கு? பொறவு தமிழு எங்கேருந்து வரும்?" சேலத்துக் கோவிந்தராஜன் சேலம் பார்த்து வைத்தார். ஏழு டிஷ்ஷும் ஏழு மாவட்டத்தைப் பார்த்து நின்றன, ஒன்றிலும் படமில்லை. ஆன்ட்டி இடுப்பில் கைவைத்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏன் சார், சேட்டிலைட்டு என்ன உங்க வடசேரி பஸ் ஸ்டாண்டுலயா நிக்குது?"

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஏழு டிஷ்ஷையும் தென்கிழக்கே, தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவில் வானத்தைப் பார்க்கத் திருப்பி, ஏழு வீட்டுக்கும் படம் வரவழைத்தார். ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. எல்லாருக்கும் எழுபது. அவர் வீட்டில் எண்பத்திநாலு. "என் பாக்ஸு வேற மாடலு, சூடு தாங்கும்" என்றார். மீட்டருக்கே சீட்டு ஒட்டுகிறவர் சொன்னால் யார் மறுப்பது?

வெயில் நாளில் எழுபதுக்கும் எண்பத்திநாலுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. தூறல் விழுந்தால்தான் தெரியும். ஏழு வீட்டிலும் பாடகியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, மூக்கு காதுக்குப் போய், பாட்டு விக்கி நின்றுவிடும். மூன்றாம் மாடியில் மட்டும் மூக்குத்தி மின்னிக்கொண்டிருக்கும். ஜூலை பிறந்தால் ஹைதராபாத்தில் சாயந்திரம்தோறும் தூறல். பிறகென்ன, ஏழு குடும்பமும் சொந்த டிவியை அணைத்துவிட்டுப் படியேறும்.

எனக்கு வேலை கொண்டாப்பூர் கால் சென்டரில், இரவு ஷிப்ட். பகலில் வீட்டில் இருக்கிறவனுக்குப் பொறாமைப்பட நேரம் நிறைய. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மேகம் கறுத்துக்கொண்டு வந்த நேரம், மாடிக்குப் போய் எங்கள் டிஷ்ஷைக் குனிந்து பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு நகக்கண் தூரத்தில், சுரண்டி எடுத்த இன்னொரு கோட்டின் தடம். கோவிந்தராஜன் டிஷ்ஷில் பார்த்தேன், அதிலும் இருந்தது. ஏழிலும் இருந்தது. ஆன்ட்டியுடையதில் மட்டும் ஒரே கோடு.

நல்ல இடத்தைக் கண்டுபிடித்து, கோடும் போட்டு, பிறகு அதைச் சுரண்டிவிட்டுத் தள்ளி வைத்திருக்கிறார்.

டிஷ்ஷைத் திருப்ப எண் சொல்ல ஆள் வேண்டும். நான் தொடுகிறேன் என்று தெரிந்தால் அம்மா விடமாட்டாள். வீட்டிலிருந்து ஸ்பானரை எடுத்துவந்து நட்டைத் தளர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆன்ட்டி மாதிரியே அதைப் பல்லிடுக்கில் வைத்தேன்.

"ஆக்னஸ்! சிக்னல் போடுடி! எவ்ளோ?"

"எழுவது வசந்தாக்கா!" அம்மா உடனே கத்தினாள். பெற்ற பிள்ளை கூப்பிட்டால் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் பதில் வரும்.

"இப்போ?"

"எழுவத்தொம்பது!... எண்பத்தாறுக்கா! ஐயோ, பாக்ஸு சூடாவுமே!"

"ஆவாதுடி. கை வெச்சுப் பாரு."

"இல்லக்கா, பச்சத்தண்ணி மாதிரி இருக்கு!"

நட்டை முறுக்கித் திரும்பினேன். கைப்பையும் டிபன் பாக்ஸுமாக ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். தெருமுனையிலேயே தன் குரல் கேட்டிருக்கிறது.

"என் குரலு அவ்ளோ மட்டமாவாடா இருக்கு?"

சுரண்டிய தடத்தை மட்டும் விரலால் காட்டினேன். ஆன்ட்டி அதைப் பார்க்கவில்லை.

"எவ்ளோ வந்துச்சு?"

"எண்பத்தாறு."

"ஹவ்." ஹைதராபாத் பாணியில் ஒப்புக்கொண்டு, எங்கள் டிஷ்ஷைக் குனிந்து பார்த்தார். "எனக்கே எண்பத்திநாலுதான்." பிறகு, மீட்டரைப் படித்துச் சொல்கிற அதே குரலில், "மழ பேஞ்சா எல்லாரும் மேல வருவீங்க, தினேஷு. அவ்ளோதான் விஷயம்" என்றார். கைப்பையைத் திறந்து நெயில் பாலிஷை எடுத்து, நான் நிறுத்திய இடத்தில் கோணாமல் ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அன்றைக்கு ஏழரைக்கு நல்ல தூறல். எங்கள் தரைத்தள வீட்டில் படம் ஆடவில்லை, அசையவில்லை. இரண்டே நிமிடத்தில் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. படியேற மூச்சு வாங்குகிற கோவிந்தராஜன்தான் முதலில் வந்தார், பின்னாலேயே மற்றவர்கள். நான் திருப்பினேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"போலே! வசந்தாக்காதான் வெச்சாங்க. நான் என் காதால கேட்டேன்" என்றாள் அம்மா. எல்லாரும் தலையாட்டினார்கள். இதற்கு மேல் ஒரு மிமிக்ரிக்காரனுக்கு என்ன விருது வேண்டும்? எரிச்சலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை, மாடிக் கொடியில் துணி நனைகிறது என்று அம்மா விரட்டினாள்.

போகிற வழியில் மூன்றாம் மாடிக் கதவு அகலத் திறந்திருந்தது. விரித்த பாய்களில் ஒருவரும் இல்லை. அவித்த கடலைக் கிண்ணத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. டிவியில் பாடகி, மூக்குத்தியோடு, யாருக்கோ பாடிக்கொண்டிருந்தாள்.

ஆன்ட்டி மேலே இருந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் ஸ்பானர். எங்கள் டிஷ்ஷுக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கையும் களவுமாகப் பிடிக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் எங்களுடையதைத் தாண்டிப் போனார். படிக்கட்டு வாசலில் நின்று கீழே குனிந்தார்.

"ஆக்னஸ்! எங்க வீட்டுல படம் கட்டம் கட்டமா ஒடையுதுடி! அங்க எடம் இருக்கா?"

"வாங்கக்கா! ஃபேனுக்குக் கீழயே சேர் போட்டிருக்கு!"

அந்தப் பதில் மேலே வந்து சேரும்வரை அவர் அசையவில்லை. பிறகு தன் டிஷ்ஷிடம் போய், குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு நட்டைத் தளர்த்தினார். சிவப்புக் கோட்டிலிருந்து ஒரு நகக்கண் தூரத்துக்கு, கட்டைவிரலால் அதை மெதுவாகத் தள்ளினார்.